ஆரையம்பதிப் புளியமரமும் மரக்காலைக் கணக்கும்

மட்டக்களப்புக் கரையோர ஊரான ஆரையம்பதியில் ஒரு வளவுக்குள் நின்ற புளியமரத்தைப் பாரந்தூக்கி வைத்து இரண்டு நாளில் இறக்கினோம். மொத்தம் பதினேழு தூக்கு. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மரத்துக்குக் கீழே இருந்த பழைய வீட்டில் ஓடு ஒன்றும் உடையவில்லை. அப்படி நல்லபடியாக முடிந்த வேலையை உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் நான்காவது தூக்கு. 1000 கிலோ என்று நான் கணக்குச் சொல்லி வெட்டவைத்த கிளை, கொக்கியில் தொங்கியபோது 1450 கிலோ காட்டியது. பதினான்கு வருடமாக மரம் வெட்டுகிறவன் நான். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது, அவ்வளவு பெரிய பிழைக்குப் பிறகும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதை இந்த வேலையில் இருக்கிற மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

மரத்திலிருந்து தொடங்குகிறேன். அடிமரத்தின் சுற்றளவு 13 அடி. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மூன்று பெருங்கிளைகளாகப் பிரிந்து, அதில் ஒன்று முழுக்க வீட்டுக் கூரைக்கு மேலாகப் படர்ந்திருந்தது. வீட்டுக்காரப் பெத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் வளவில் இருந்த தென்னைகள் எல்லாம் ஒரே இரவில் படுத்துவிட்டன, இந்தப் புளி மட்டும் நின்றது என்று சொல்லிச் சொல்லி அதன் பட்டையைத் தடவினார். சென்ற மாரி மழையில்தான் அது சாய ஆரம்பித்திருக்கிறது. ஒரு பக்கத்தில் மண் வெடித்து வேர் மேலே கிளம்பியிருந்தது. கார்த்திகையில் ஒரு கிளை முறிந்து குசினியின் கூரை மூலையில் விழுந்த பிறகு, பிள்ளைகள் இனி வைத்திருக்க முடியாது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். தெற்குப் பக்கம் பறை போல ஒலித்தது. நீண்ட துளையாணியால் நான்கு இடங்களில் துளைத்துப் பார்த்ததில், ஒரு பக்கம் 5 அங்குலத்திலேயே ஆணி வெறுமைக்குள் போனது. உள்ளே ஈரமான கறுப்பு மக்கு. மரத்தின் ஆரை ஏறத்தாழ 25 அங்குலம். உறுதியான சுவர் ஆரையில் பத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்பது மர ஆய்வாளர்கள் பொதுவாகக் கையாளும் அளவுகோல். அதன்படி இங்கே ஏழரை அங்குலம் வேண்டும். இருந்தது ஐந்து. ஆகவே அந்த மரத்தில் ஆளை ஏற்றுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

வழக்கமாக நாங்கள் கப்பி கட்டிக் கயிற்றில்தான் கிளைகளை இறக்குவோம். இப்படி உள்ளே வெறுமையாகிக் கோதுவிழுந்த மரத்தில் அது கூடாது. கப்பியில் தொங்கும் கிளை 300 கிலோ என்றால், கயிற்றின் மறுமுனையைக் கீழே பிடித்திருப்பவரின் இழுவையும் சேர்ந்து, கப்பி கட்டிய இடம் 600 கிலோவைத் தாங்க வேண்டும். வெட்டிய கிளை சரிந்து கயிறு விறைக்கும் கணத்தில் அது இன்னும் கூடும். அந்தச் சுமை முழுவதும் நாம் நம்பாத அதே அடிமரத்தின் மீதுதான் விழுகிறது. பாரந்தூக்கியின் பயன் இங்கேதான். மரத்தின் கனத்தை மரமே சுமக்கவிடாமல் மேலிருந்து வாங்கிக்கொள்கிறது. வாள் பிடிப்பவர் மரத்தைத் தொடாமல், தெருவிளக்குத் திருத்துகிறவர்கள் பயன்படுத்தும் தூக்குத்தொட்டி லொறியில் நின்று வெட்டலாம். இரண்டு வாகன வாடகை என்பதால் செலவு கூடும் என்று பெத்தாவின் மகனிடம் முதலிலேயே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

பாரந்தூக்கி ஏறாவூரிலிருந்து வந்தது. ஜப்பானில் பல வருடம் உழைத்துவிட்டு இங்கே வந்த 25 டன் வண்டி. அதை ஓட்டுபவரை நானா என்று அழைப்போம். அவரோடு நான் முன்பும் வேலை செய்திருக்கிறேன். வேலைக்கு இரண்டு நாள் முன்னரே அவரை வெறுங்கையோடு வரச்சொல்லி இடத்தைக் காட்டினேன். இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. வண்டி வாடகை ஓடத் தொடங்கிய பிறகு இடத்தை ஆராய்ந்தால், அவசரம்தான் தீர்மானம் எடுக்கும்.

25 டன் என்று வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, புளியமரம் முழுவதையும் ஒரே தூக்கில் தூக்கிவிடலாம் என்று பக்கத்து வளவுக்காரர் ஒருவர் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த 25 டன், கொக்கி வண்டியின் சுழல்மையத்திலிருந்து மூன்று மீட்டர் அளவில் நிற்கும்போது மட்டுமே. பாரந்தூக்கியின் கை நீள நீள, சுமை தள்ளிப் போகப் போக, தூக்குதிறன் மளமளவென்று விழும். கையின் சொந்த எடையும் வண்டியைக் கவிழ்க்கும் பக்கத்திலேயே நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. நானா தன் அட்டவணையை விரித்துக் காட்டினார். அந்த வண்டிக்கு 14 மீட்டர் ஆரையில் 4 டன், 16 மீட்டரில் 3 டன். அதிலும் கொக்கிக் கட்டை, சுமையைக் கட்டும் தூக்குப் பட்டைகள், இணைப்பு வளையங்கள் எல்லாம் சேர்ந்து 300 கிலோவைக் கழிக்க வேண்டும்.

நானா வண்டியை நிறுத்த நினைத்த இடம் ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம். அங்கிருந்து கூரைக்கு மேல் படர்ந்த கிளையைத் தூக்கும் இடம் 14 மீட்டர். நல்ல இடம்தான். நான் அலவாங்கை (கடப்பாரையை) எடுத்து, வண்டி கவிழாமல் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் நான்கு கால்கள் நிற்கப்போகும் இடங்களையும் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் எல்லாம் மணல். தோண்டினால் சில அடியிலேயே தண்ணீர் ஊறும். மூன்றாவது இடத்தில் குத்தியபோது அலவாங்கு என் பலமே தேவையில்லாமல் இறங்கிக்கொண்டே போனது. விறாந்தையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பெத்தா எழுந்து வந்தார்.

"மகன், அதிலே கிணறு இருந்தது. சுனாமிக்குப் பிறகு தண்ணீர் உப்பாகிவிட்டது என்று அவர்தான் தூர்த்தார்" என்றார்.

2004 டிசம்பரில் கடல் ஏறி வந்த ஊர் அது. உப்புக் கலந்து கைவிடப்பட்ட கிணறுகள் எங்கள் கரையோரம் முழுவதும் உண்டு. எதை வைத்துத் தூர்த்தார்கள் என்று கேட்டேன். தென்னங்குற்றி, உடைந்த சுவர்க் கல், குப்பை என்றார். உள்ளே போட்டது உக்கிவிட்டால் மேலே மணல் மூடியிருக்கும், கீழே வெறுமை இருக்கும். அந்த மூதாட்டி விறாந்தையில் இல்லாதிருந்தால், எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை அலவாங்கு மட்டும்தான் சொல்லியிருக்கும். அலவாங்கையும் எடுக்காமல் வண்டியை நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வளவுக்குள் போனால் அங்கே அதிக காலம் வாழ்ந்தவரைத் தேடி, மலக்குழி எங்கே, பழைய கிணறு எங்கே, மண் போட்டு நிரப்பிய பள்ளம் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

வண்டியை ஏழடி பின்னுக்கு எடுத்தோம். கிணறு தப்பியது. ஆனால் 14 மீட்டர் இப்போது 16 மீட்டர் ஆனது. 4 டன் 3 டன் ஆனது. அதோடு புதிய இடத்தில் வலப்பக்கக் கால்களை முழுவதும் நீட்ட இடமில்லை. பக்கத்து வீட்டு டீச்சரின் தகர வேலி தடுத்தது. பாதி நீட்டினால் போதாதா என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். பாதி நீட்டிய கால்களுக்கு அட்டவணையில் தனி நிரல் இருக்கிறது. நானா விரலை வைத்துக் காட்டினார். 16 மீட்டரில் 1.5 டன். கொக்கியைக் கழித்தால் 1.2 டன்.

நான் 1000 கிலோவுக்கு மேல் எந்தத் துண்டும் வெட்டப்போவதில்லை. 1.2 டன்னுக்குள் அடங்கிவிடும். தாளில் பார்த்தால் சரிதான். ஆனால் மரவேலையில் எனக்கு ஒரு விதி உண்டு. அட்டவணை சொல்வதில் பாதிக்கு மேல் தூக்கச் சொல்ல மாட்டேன். இரும்புத் தூணைத் தூக்குகிறவருக்கு அதன் எடை எழுத்தில் இருக்கும். கிளைக்கு எடை எழுதிய பத்திரம் இல்லை. அது நிற்கும்வரை மரத்தின் சுமை, வாள் கடைசி நாரை அறுத்த கணத்தில் முழுவதும் கொக்கியின் சுமை. மெதுவாகத் தூக்கிப் பார்த்துக் கனமென்றால் இறக்கிவிடலாம் என்ற வசதி மற்றத் தூக்குகளில் உண்டு. இதில் இல்லை. வெட்டிய கிளையைத் திரும்ப மரத்தில் ஒட்டவைக்க முடியாது.

டீச்சரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். நான்கு தூண்களும் தகரமும் கழற்ற வேண்டும், வேலை முடிந்த அன்று மாலையே திரும்ப நட்டுத் தருகிறேன் என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கால்கள் நான்கும் முழுவதும் நீண்டன. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கால்களுக்குக் கீழே பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள். 9 அடிக் கட்டைகளைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன். ஒரு வரிசை அடுக்கி, அதன் மேல் குறுக்காக இன்னொரு வரிசை. ஒவ்வொரு காலுக்கும் நாலரை அடிக்கு நாலரை அடி, அதாவது 20 சதுர அடி. சுமை ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது, இந்த அளவு வண்டியில் அந்த ஒற்றைக் காலில் 20 டன் வரை இறங்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வேன். அப்படியானால் சதுர அடிக்கு ஒரு டன். கட்டை இல்லாமல் வண்டியின் இரும்புப் பாதத்தை மட்டும் மணலில் வைத்தால், அதே 20 டன் ஒரு சதுர அடிக்குச் சற்றுக் கூடிய இடத்தில் இறங்கும். நனைந்த மணல் அதைத் தாங்காது. கட்டை அடுக்கியதும் நானா வெறுங்கொக்கியோடு கையை ஒவ்வொரு மூலைக்கு மேலாகவும் திருப்பி ஐந்து நிமிடம் நிறுத்தினார். நான் முளை அடித்து நூல் கட்டிப் பார்த்தேன். ஒழுங்கைப் பக்கக் கால் அரை அங்குலம் தாழ்ந்து நின்றது. திரும்ப மட்டம் பார்த்துக்கொண்டோம்.

அனுமதி, மின்சாரம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலா, ஈரப்பலா, பெண் பனை போன்றவற்றை வெட்டச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். புளி அந்த வரிசையில் இல்லை என்றாலும் கிராம சேவையாளருக்குத் தெரியப்படுத்தி, மரத்தை ஏற்றிச் செல்வதற்கான பத்திரத்தையும் வேலைக்கு முன்பே எடுத்துவிடுவது என் வழக்கம். ஒழுங்கை ஓரம் போகும் மின்கம்பிக்காக இலங்கை மின்சார சபையில் முன்கூட்டியே விண்ணப்பித்து, இரண்டு நாளும் வேலை நேரத்தில் இணைப்பைத் துண்டித்துத் தரச் செய்தோம். அவர்களின் ஊழியர் வந்து கம்பியைச் சோதித்து, இனி வேலை செய்யலாம் என்று வாயால் சொல்லும்வரை கை உயரவில்லை. துண்டிக்காத கம்பிக்கு அருகில் வேலை என்றால், 50 கிலோவோல்ட் வரை குறைந்தது 10 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எங்கள் ஊர்களுக்கூடாகப் போகும் 33 கிலோவோல்ட் கம்பிகள் இதற்குள் அடங்கும். கிளை ஆடும், கை வளையும், இலை நீண்டு நிற்கும் என்பதால் நான் அதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

பங்குனி தொடக்கம் அது. காலை ஆறரைக்கு எல்லோரையும் வேம்பின் கீழ் நிறுத்திப் பேசினேன். சைகை காட்டுவது ஒருவர், அது நான். நானா என் கையை மட்டும் பார்ப்பார். ஆனால் "நிறுத்து" என்று யார் கத்தினாலும், வேடிக்கை பார்க்கிற சிறுவன் கத்தினாலும், நானா நிறுத்துவார். தூக்கும் நேரத்தில் கைக்குக் கீழும் சுமைக்குக் கீழும் எவரும் இல்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரையும் டீச்சர் வீட்டுக்கு அனுப்பினோம். போகும் முன் பெத்தா வேரடியில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். அது எரிந்து முடியும்வரை காத்திருந்தோம்.

வாள் பிடித்தவர் வாழைச்சேனைத் தம்பி. கச்சிதமான கை. முதல் மூன்று துண்டுகளும் சிறியவை, நுனிப் பக்கம், 300 முதல் 500 கிலோ என்று மதித்தவை. இரண்டு மஞ்சள் தூக்குப் பட்டைகள் கட்டினோம். மஞ்சள் என்றால் நேராகத் தூக்க 3 டன். சுருக்குப் போட்டுக் கட்டும்போது அதில் எண்பது வீதம்தான் நம்பலாம், 2.4 டன். ஒன்று வெட்டுக்கு அருகில், மற்றது நுனியை நோக்கி, இரண்டுக்கும் நடுவில் கொக்கி. கிளையின் கனமையம் எங்கே என்று தேடி, அதற்கு நேர் மேலே கொக்கி நிற்க வேண்டும். கம்பி சாய்ந்து நின்றால் வெட்டியவுடன் கிளை ஊஞ்சல் போல வரும், பாரந்தூக்கியின் கையும் பக்கவாட்டு இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல.

அடுத்தது விறைப்பு. வெட்டுவதற்கு முன் கம்பியை எவ்வளவு இழுத்து வைப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. குறைவாக இழுத்தால் துண்டு அறுந்ததும் விழுந்து கம்பியை உலுக்கும். கூடுதலாக இழுத்தால் அறுந்த கணத்தில் துண்டு மேலே துள்ளும். ஆறு வருடத்துக்கு முன் நான் உதவியாளாக நின்ற ஒரு வேலையில் அப்படித்தான் நடந்தது. துள்ளிய கிளையின் அடி, மரத்தில் இருந்தவரின் தொடையில் அடித்து எலும்பு முறிந்தது. அவர் இப்போது மரம் ஏறுவதில்லை. அன்று கீழே நின்ற எங்களில் ஒருவருக்கும் அந்தக் கிளையின் எடை தெரியாது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நானாக்களுக்கும் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டுமானால், எடை முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் துண்டு ஒவ்வொன்றையும் அளந்து குறிப்புக் கொப்பியில் எழுதும் பழக்கம் எனக்கு வந்தது.

நான்காவது துண்டுக்கு வருகிறேன். கூரைக்கு மேலே படர்ந்த கிளையின் நடுப்பகுதி. தம்பி தொட்டியிலிருந்து நாடா பிடித்து அளந்து சொன்னார். நடுச் சுற்றளவு 6 அடி, நீளம் 14 அடி. நான் கொப்பியில் போட்ட கணக்கு இது. சுற்றளவில் கால்வாசி ஒன்றரை அடி. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, 14 ஆல் பெருக்க 31.5 கன அடி. பச்சை மரம் தண்ணீர்க் கனம் என்று எடுத்து, கன அடிக்கு 28.3 கிலோ. 891 கிலோ. இலைக்கும் சிறுகொப்புக்கும் நூறு. ஆக 1000 கிலோ. 800 வரை இழுத்து வைத்து வெட்டலாம் என்று சைகை கொடுத்தேன்.

தம்பி கீழிருந்து ஒரு வெட்டு, மேலிருந்து ஒரு வெட்டு. வாள் வெளியே வந்ததும் கிளை அசையாமல் ஒரு நொடி நின்றது. பிறகு படக்கென்று ஒரு சாண் கீழே இறங்கியது. பாரந்தூக்கியின் கை வளைந்து கொடுத்து, கிளை சற்று வெளிப்பக்கம் ஆடி, ஓட்டுக்கு மூன்றடி மேலே நின்றது. தம்பி தொட்டியைப் பின்னால் எடுத்திருந்தார். வெட்டு முடியும் முன்பே பின்வாங்கும் வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதை அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நானா கண்ணாடிக்குள்ளிருந்து பாரங்காட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கொக்கியோடு சேர்த்து 1.75 டன். ஆரை 16.4 மீட்டர். சுமை ஏறியதும் கை வளைந்து ஆரை தானாகவே கூடியிருந்தது.

நானா கையைத் தாழ்த்தவில்லை. முதலில் கையை உயர்த்தி ஆரையைக் குறைத்தார், பிறகுதான் திருப்பினார். வெற்று நிலத்தில் கிளை இறங்கும்வரை எனக்குக் காது அடைத்திருந்தது.

அட்டவணையின் 3 டன்னில் 1.75 என்பது 58 வீதம். அபாய மணிகூட ஒலிக்கவில்லை. என் பாதி எல்லையைத் தாண்டியது, வண்டியின் எல்லை தொலைவில் இருந்தது. ஆனால் டீச்சர் வேலியைக் கழற்றச் சம்மதித்திருக்காவிட்டால் அட்டவணையின் எண் 1.5 டன். அதே கிளை, அதே வெட்டு. 25 டன் வண்டி அந்தப் பழைய வீட்டின் மேல் கையைச் சாய்த்தபடி தன் எல்லைக்கு 250 கிலோ மேலே நின்றிருக்கும். தம்பியின் தொட்டி அந்தக் கைக்குப் பக்கத்தில்.

வேலையை நிறுத்திவிட்டு, இறக்கிய கிளையைத் துப்புரவாக்கினோம். இலை, கொப்பு, காய் எல்லாவற்றையும் வெட்டி ஒதுக்கிவிட்டு வெறும் கட்டையை மட்டும் திரும்பக் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்த்தோம். 1280 கிலோ. ஆக இலையும் கொப்பும் 170. அதில் ஒரு விளக்கம் கண் முன்னால் கிடந்தது. பங்குனியில் புளி காய்த்துத் தொங்கும், நான் பழத்தின் எடையைச் சேர்க்கவே இல்லை. ஆனால் 70 கிலோதான் அதனால். கட்டையிலேயே ஏறத்தாழ 390 கிலோ எங்கிருந்து வந்தது?

மண்ணில் உட்கார்ந்து குச்சியால் கணக்கைத் திரும்பப் போட்டேன். பிழை என் கையில் இல்லை, நான் கற்ற முறையில் இருந்தது. என் அப்பா மட்டக்களப்பில் ஒரு மரக்காலையில், அதாவது மரம் அரிந்து விற்கும் இடத்தில், கணக்கெழுதியவர். கால் சுற்றளவைப் பெருக்கும் முறையைப் பத்து வயதில் அவரிடம் கற்றேன். வட்டமான மரத்தை, சுற்றளவின் கால்வாசியைப் பக்கமாகக் கொண்ட சதுரம் என்று எண்ணுவது அந்த முறை. அப்படி எண்ணும்போது உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துபோகிறது. பட்டைக்கும் அரியும்போது வீணாகும் பக்கப் பலகைக்கும் மரக்காலைகள் விட்டுக்கொடுக்கும் கழிவு அது. அப்பாவின் கணக்கில் பிழை இல்லை. மரத்திலிருந்து எவ்வளவு பலகை வரும் என்று அறியும் கணக்கு அது. கொக்கியில் தொங்குவதோ பட்டையும் பக்கப் பலகையும் சேர்ந்த முழு மரம். உண்மையான அளவு 40 கன அடி.

மீதி விடை மரத்தின் சாதியில் இருந்தது. 1280 ஐ 40 ஆல் வகுத்தால் கன அடிக்கு 32 கிலோ. புளி, தண்ணீரைவிடக் கனம். இறைச்சிக் கடைகளில் கொத்துவதற்குப் புளியங்குற்றியை ஏன் தேடி வாங்குகிறார்கள் என்று தெரிந்திருந்தும், அந்த அறிவை நான் என் கொப்பிக்குள் கொண்டுவரவில்லை.

அன்றிலிருந்து நான் கையாளும் கணக்கு எளிது. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 0.08 ஆல் பெருக்கினால் உண்மையான கன அடி வரும். எல்லாம் அடியில். அதைப் புளிக்கு 32 ஆல் பெருக்கினால் கிலோ. முதல் துண்டை வழக்கமாக வெட்டும் அளவில் பாதியாக வெட்டி, எடை பார்த்து, கன அடிக்கு எவ்வளவு என்று அந்த மரத்திடமே கேட்டுவிட்டுத்தான் பெரிய துண்டுக்குப் போக வேண்டும். முதல் மூன்று துண்டுகளை வெட்டியபோதும் பாரங்காட்டி என் கண் முன்னாலேயே இருந்தது. அவையும் மதித்ததைவிடக் கூடவே காட்டியிருக்கின்றன. 400 என்று நினைத்த இடத்தில் 500. சிறிய வித்தியாசம் என்று நான் கேட்காமல் விட்டேன். இந்த வேலையில் என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். நான்காவது துண்டு அதைத்தான் பெரிய குரலில் சொன்னது.

மீதிப் பதின்மூன்று துண்டுகளும் புதிய கணக்கில் நடந்தன. எதுவும் மதிப்பிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் விலகவில்லை. முதல் நாள் பதினொரு மணிக்குக் கடற்காற்று எழுந்தது. ஜப்பானில் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் பாரந்தூக்கி வேலையை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் இலையோடு தொங்கும் கிளை பாய் விரித்த வள்ளம் போன்றது, அந்த எல்லைக்கு வெகு முன்பே சுழலத் தொடங்கிவிடும். கிளையின் வழிகாட்டுக் கயிற்றை ஒரே ஆளால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று கண்டதும் அன்றைய தூக்கை முடித்தேன். இரண்டாம் நாள் வெள்ளென ஆறு மணிக்கே தொடங்கினோம். அன்று முசுறுக் கூடு ஒன்று தம்பியின் தோளில் கொட்டிவிட்டது. வாள் ஓடிக்கொண்டிருக்கும்போது முசுறு கடித்தால் கை தானாகவே விலகும். கூடு, குளவி, தேன் ஆகியவற்றைத் தொலைநோக்கியால் முதல் நாளே தேடுவதை இனிப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

கடைசியாக நின்றது கோதுவிழுந்த அடிமரம். தூக்குப் பட்டையை இறுக்கினால் அந்தச் சுவர் நொறுங்கிக் கழன்றுவிடும் என்பதால் அதைப் பாரந்தூக்கியில் கட்டவே இல்லை. கீழே ஆள் உயரத்தில் விட்டு, பின்னர் கைவாளாலும் ஆப்பாலும் பிரித்தோம். வண்டிதான் நிற்கிறதே, வேரோடு பிடுங்கிவிடுங்கள் என்று பெத்தாவின் மகன் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் நானா பதில் சொன்னார்.

"தம்பி, தூக்குகிற பொருளின் எடையை நான் சொல்வேன். மண் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று யார் சொல்வது? வேர் அறுந்தால் கை பின்னால் பாயும், வண்டி நிற்காது."

வேரை இரண்டு வாரம் கழித்து மண்வெட்டியாலும் கோடரியாலும் எடுத்தார்கள்.

வெட்டு முடிந்த இரண்டாம் நாள் மாலையே டீச்சரின் வேலியைத் திரும்ப நட்டோம், பழையதைவிட நேராக. அடிமரத்தின் உறுதியான பக்கத்திலிருந்து ஒரு வட்டக் குற்றி அறுத்துத் தரும்படி பெத்தா கேட்டார், மீன் வெட்டுவதற்கு. ஒன்றரை அடி அகலம், அரை அடிக் கனம். கொடுக்கும் முன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். தராசு 10 கிலோவோடு நின்றுவிட்டது. கணக்குப்படி 28 வர வேண்டும். இரண்டு பேர் பிடித்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

அடுத்த வேலை கிரான் ஊர்ப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் ஒரு மருதமரம். நானாவிடம் திகதி சொல்லியாயிற்று. கொப்பியில் மருதுக்கு நேராக உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். முதல் துண்டைச் சிறிதாக வெட்டி, எடை பார்த்து, அங்கேயே எழுதுவேன்.